பக்கத்து வீட்டுக் கணக்கு

(ஜூன் மாதம் நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. செய்தி மடலுக்கு வேண்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

வடை சூடாக வந்திருக்கிறது. ஆறுவதற்குள் முடித்துவிடச் சொல்லி உத்தரவு. முயற்சி செய்கிறேன்.

இந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். மார்ச் 20ஆம் தேதி உலக மகிழ்ச்சி தினம். 2025ல் அன்றைக்கு நமது குரூப்பில் ஒரு பட்டியல் வந்தது. மகிழ்ச்சியில் பின்லாந்து முதலிடம், நேபாளம் 92, பாகிஸ்தான் 109, இந்தியா 118. அவ்வளவுதான், இரவு பதினோரு மணி வரை சண்டை. "பாகிஸ்தான்காரன் நம்மைவிட சந்தோஷமா இருக்கானா, யார் சொன்னது?" என்று ஒரு பக்கம். "நம்ம லட்சணம் தெரிஞ்சதுதானே" என்று இன்னொரு பக்கம். கடைசியில் தலைவர் குரூப்பைப் பூட்டி வைத்தார். மறுநாள் லிப்டில் என்னைப் பார்த்து, "சார், நீங்க பேங்க் ஆளு, நம்பர் தெரிஞ்சவரு, ஒரு நாள் இதைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற கிளார்க் நான். பி.காம். படித்தவன், பொருளாதார நிபுணன் இல்லை. ஆனால் ஒரு நம்பரைக் காட்டினால் அது எந்த லெட்ஜரில் இருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த மகிழ்ச்சிப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அதற்கு அடிப்படை ஒரே ஒரு கேள்வி. ஒரு ஏணியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படி 0, உச்சிப்படி 10, இன்றைக்கு உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது? நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்டு, மூன்று வருஷத்துக்குச் சராசரி எடுக்கிறார்கள். கேள்வி தப்பில்லை. ஆனால் பென்ஷன் வந்த மறுநாள் என்னைக் கேட்டால் 7 என்பேன், மாசக் கடைசியில் முழங்கால் வலியோடு இருக்கும்போது கேட்டால் 4 என்பேன். அதே பட்டியலில் இலங்கை 133, பங்களாதேஷ் 134. நமக்கும் கீழே. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் 2025 மே மாதம் இன்னொரு பட்டியல் வந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை. பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக் என்ற பொருளாதார நிபுணர் 1990ல் தொடங்கி வைத்தது, நம் அமர்த்தியா சென்னும் அதற்குத் துணை நின்றார். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில் இலங்கை 89வது இடம். இந்தியா 130வது இடம், மதிப்பெண் 0.685. பங்களாதேஷும் அதே 130, அதே 0.685. சராசரி ஆயுளை மட்டும் எடுத்தால் இலங்கை 77.5, பங்களாதேஷ் 74.7, இந்தியா 72.

ஏணிக் கேள்வியில் நமக்குக் கீழே இருக்கிற இரண்டு நாடுகளும் ஆயுளில் நமக்கு மேலே இருக்கின்றன. ஏணி என்பது அன்றைய மனநிலை. ஆயுள் என்பது ஐம்பது வருஷமாகக் கட்டிவந்த டெபாசிட். இலங்கையில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்து இல்லை, ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார். தமிழ்நாட்டில் இருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. அப்படி ஒரு அடி வாங்கிய ஜனங்கள் ஏணியில் மேலே நிற்கிறேன் என்றா சொல்வார்கள்? ஆனால் பழைய டெபாசிட் கரையவில்லை. அந்த டெபாசிட் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

குழந்தை இறப்பை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் எத்தனை போய்விடுகிறது என்பது கணக்கு. 2020ல் இந்தியச் சராசரி 28. இலங்கையில் சுமார் 6. நம் நாட்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2.4 கோடி குழந்தைகள் பிறக்கின்றன. இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் வருகிறது. இலங்கை அளவுக்கு நாம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஐந்து லட்சம் குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்த்திருக்கும். இந்தத் தொகையை நான் கால்குலேட்டரில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், பூஜ்ஜியம் ஏதாவது தப்பாக விழுந்துவிட்டதோ என்று.

இங்கே முன்வரிசையில் ஒரு நண்பர் கை தூக்கினார். "சார், அது இரண்டே கால் கோடி ஜனம், நாம நூத்து நாப்பது கோடி. ஒப்பிடலாமா?" நியாயமான கேள்வி. அப்படியானால் நம் வீட்டுக்குள்ளேயே ஒப்பிடுவோம். அதே 2020ல் கேரளாவில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. தமிழ்நாட்டின் ஜனத்தொகை இலங்கையைப் போல மூன்று மடங்கு. நம் புதுச்சேரி ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. ஆக பெரிய நாடு என்பது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. ஒரே சட்டம், ஒரே நோட்டு, ஒரே ரயில்வே, ஆனால் மாஹேயைச் சுற்றியுள்ள ஊரில் பிறக்கிற குழந்தைக்கும் போபால் பக்கத்தில் பிறக்கிற குழந்தைக்கும் ஏழு மடங்கு வித்தியாசம்.

2017ல் நானும் வீட்டுக்காரம்மாவும் இலங்கைக்குச் சுற்றுலா போனோம். கதிர்காமம், கண்டி, நுவரெலியா. நுவரெலியாவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு தமிழ்ப் பெண்மணி பையில் பெரிய பெரிய பதிவேடுகளோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? என்னம்மா கணக்கு என்று கேட்டேன். அவர் அரசாங்கக் குடும்ப நல உத்தியோகத்தர். அதாவது பொதுச் சுகாதார மருத்துவிச்சி. அவர் பகுதியில் கல்யாணம் ஆன தம்பதிகள் எல்லோருக்கும் ஒரு பதிவேடு, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. "பிள்ளை பிறந்து பத்து நாளைக்குள்ள ரெண்டு தரமாவது வீட்டுக்குப் போகோணும் ஐயா. மழையெண்டு நிக்கேலாது" என்றார். வராத தாயை இவர் தேடிப் போக வேண்டும். சுமார் மூவாயிரம் பேருக்கு இப்படி ஒருவர் என்பது அங்கே வைத்திருக்கிற அளவு.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் காலம் அது. 1934-35ல் மலேரியா வந்து ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். அப்போது அந்தத் தீவின் ஜனத்தொகையே அறுபது லட்சத்துக்கும் கீழே. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1931ல், ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்திருந்தது. (ஒரு சின்ன இடைச்செருகல்: நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெண்களை ஓட்டுப் போட விட்டது 1945ல்தான். கொழும்புப் பெண்கள் பாரீஸ் பெண்களைவிடப் பதினாலு வருஷம் சீனியர்.) ஓட்டுக் கேட்டு வந்தவனிடம் கிராமத்து ஜனம் ஆஸ்பத்திரி கேட்டது, பள்ளிக்கூடம் கேட்டது. 1945ல் இலவசக் கல்வி வந்தது, கன்னங்கரா என்ற அமைச்சர் கொண்டு வந்தார். 1946ல் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1946ல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு 1947ல் 14 ஆக இறங்கியது. ஒரே வருஷத்தில். டி.டி.டி. மட்டும் காரணமா, அரிசி ரேஷனும் ஆஸ்பத்திரிகளும் காரணமா என்று படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்த வருஷத்தில் சராசரி ஆயுள் 32 வயது. 2016ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதை அப்படியே கடந்து போக மாட்டார்கள். எப்போது சேர்த்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார், ரத்தம் இருந்ததா, வண்டி வந்ததா என்று ஒவ்வொரு மரணத்தையும் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். சாயந்திரம் டே புக் பத்து பைசா இடித்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பத்து பைசாவை என் பையில் இருந்து போட்டுவிடுகிறேன் என்றால் மேனேஜர் விட மாட்டார். பைசா முக்கியம் இல்லை, எங்கே தப்பினோம் என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டிலும் இந்த விசாரணை முறை உண்டு, கிராம சுகாதார செவிலியர்களும் உண்டு. பலனும் தெரிகிறது. 2018-20ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியச் சராசரி 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. இலங்கையில் 30 அளவில்.

இலங்கையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்மணி போகிற வீடுகள் தேயிலைத் தோட்டத்து லயன் அறைகள். நாங்களும் பார்த்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு குடும்பம். நம் ஊர்ப் பக்கத்தில் இருந்து போன ஜனங்களின் பேரப்பிள்ளைகள். 1948ல் குடியுரிமைச் சட்டம் ஒன்றைப் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1931ல் கொடுத்த ஓட்டு பறிபோயிற்று. ஓட்டுப் போனதும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அவர்களைத் தாண்டிப் போயிற்று. இன்றைக்கும் எடை குறைந்த பிள்ளைகள் அந்த நாட்டில் தோட்டப் பகுதியில்தான் அதிகம். நாட்டின் சராசரியில் இது தெரியாது. சராசரி என்பது அப்படித்தான், நல்ல கணக்கு வாராக்கடனை மறைத்துவிடும். யுத்தம் நடந்த வடக்கு, கிழக்கைப் பற்றிப் பேசினால் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. (நம் புதுவை, காரைக்காலில் இருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறிப் போனவர்கள் கதை இன்னொரு நாளைக்கு.)

பங்களாதேஷுக்கு வருகிறேன். 1970 நவம்பரில் புயல், குறைந்தது மூன்று லட்சம் பேர் போனார்கள். அடுத்த வருஷம் யுத்தம். லட்சக்கணக்கில் அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லையில் பொங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோயிற்று. அங்கே இருந்த கொல்கத்தா டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து, சொந்தக்காரர்களே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022ல் காலமானார், மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தோம்.

இனிதான் எனக்கு வயிற்றெரிச்சல். இந்திய மண்ணில் ஒரு இந்திய டாக்டர் செய்து காட்டியதை வீடு வீடாக எடுத்துப் போனவர்கள் பங்களாதேஷ்காரர்கள். பிராக் என்ற தொண்டு நிறுவனம், அதைத் தொடங்கியவர் ஃபஸ்லே ஹசன் அபெத். டாக்டர் இல்லை, அக்கவுன்டன்ட்! ஷெல் கம்பெனியில் நிதி அதிகாரியாக இருந்தவர். நம்ம காமர்ஸ் ஆள். 1980ல் தொடங்கிப் பத்து வருஷத்தில் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பினார். மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய்மாரைத் தங்கள் கையாலேயே கலக்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளம் எப்படித் தெரியுமா? சில நாள் கழித்து வேறொரு ஆள் போய் அங்கங்கே சில தாய்மாரைக் கேட்பார், சொல்லிக் கொடுத்தது எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று. எவ்வளவு ஞாபகமோ அதற்குத் தகுந்த பணம். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. நம் நாட்டில் 2019-21ல் எடுத்த குடும்ப நல ஆய்வுப்படி, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. (இன்றைக்குக் கடையில் பாக்கெட் கிடைக்கிறது. அளவு சரியாக இருக்கும். அதையே வாங்கிக் கரையுங்கள், வெல்லம் தேட வேண்டாம்.)

சரி, நம் ஊர். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில். 1823லேயே பிரெஞ்சுக்காரன் வைத்த மருத்துவப் பள்ளி, அதன் வழியில் 1964ல் ஜிப்மர். விழுப்புரம், கடலூரில் இருந்தெல்லாம் ஜனங்கள் இங்கே வருகிறார்கள். வருமானமும் மோசமில்லை. இவ்வளவு வரைக்கும் மார்தட்டலாம். பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், அதிலும் நாட்டிலேயே முன்வரிசை. வடை விஷயத்தில் நான் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட்டால் நான் பேசியதற்கு அர்த்தம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் தற்கொலைக் கணக்கு வெளியிடுகிறது. 2014ல் ஒரு லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 10.6. புதுச்சேரியில் 40.4. இந்தியாவிலேயே முதலிடம். 2022ல் நாடு 12.4, நாம் 29.7, மூன்றாம் இடம். சின்ன ஊர், எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் விகிதம் துள்ளும் என்பது உண்மை. இங்கே ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள், மற்ற ஊர்களில் மறைக்கிறார்கள் என்பதும் இருக்கலாம். அதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் நிற்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் இலங்கை நம்மைவிட மோசமாக இருந்தது. 1995ல் ஒரு லட்சத்துக்கு 47. உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. அதன்பின் இருபது வருஷத்தில் எழுபது சதவீதம் குறைந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது, ஜனங்கள் திடீரென்று சந்தோஷம் ஆகிவிடவில்லை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தார்கள், முக்கியமாக அதுதான். ஆத்திரத்திலும் அவமானத்திலும் வருகிற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் ஆபத்து இல்லாமல் இருந்தால் ஆள் தப்பித்துக்கொள்கிறார். தப்பித்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்தப் பக்கம் போவதும் இல்லை.

எங்கள் கிளையில் என் பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில். அவருக்கு எவ்வளவு லோன் பாக்கி, எந்தச் சீட்டில் பணம் போயிற்று, பிராவிடன்ட் பண்டில் எத்தனை தரம் எடுத்தார், எல்லாம் எனக்குத் தெரியும், வவுச்சர் என் கையால்தான் பாஸ் ஆகும். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் "வாங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். எனக்கு அன்றைக்கு டே புக் இடித்தது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை. டீக்குப் போயிருந்தால் மாறியிருக்குமா? என் மனைவி இல்லை என்கிறாள், நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவர் நிதி நிலைமை முழுக்க என் லெட்ஜரில் இருந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்ற பதிவு எங்கேயும் இல்லை.

அதனால்தான் அந்த நுவரெலியாப் பெண்மணியின் பதிவேடு என் மனதில் நிற்கிறது. நம் மூன்று பிளாக்கிலும் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர் என்று செயலாளரிடம் கேட்டேன். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர் பட்டியல் உடனே வந்தது. இது வரவில்லை. ஆகவே என் கோரிக்கை இரண்டு. தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு நோட்டு போடுவோம். மாடிக்கு ஒருவர் பொறுப்பு, நாளைக்கு ஒரு தரம் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வரட்டும். வயசானவர்களோடு நிறுத்த வேண்டாம், பரீட்சை ரிசல்ட் வருகிற மாதத்தில் பிள்ளைகள் இருக்கிற வீட்டையும் சேருங்கள். இரண்டாவது, 14416 என்ற எண்ணை லிப்டுக்குள் ஒட்டுவோம். டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. லிப்டில் இதை ஒட்டினால் பிளாட் விலை குறையும் என்று ஒருவர் சொன்னார். குறையட்டும்.

(பிற்சேர்க்கை: கோரிக்கை இரண்டும் அன்றைக்கே ஏற்கப்பட்டன. எண் மூன்று லிப்டிலும் ஒட்டியாயிற்று. நோட்டு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது, கெட்டி அட்டை போட்ட பழைய லெட்ஜர் மாதிரி, நானே நேரு வீதியில் வாங்கி வந்தேன். இதுவரை ஒன்பது பெயர்கள். இரண்டாவது பிளாக்கில் ஒரு பெரியவர், "எனக்கென்ன குறை, என் பேரை எதுக்கு எழுதறீங்க" என்று கோபித்துக்கொண்டார். அவர் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.)